எந்தக் கோட்டின் சாய்வு அதிகம்?

முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதப் போகிறேன் என்றதும் சேவூரில் எங்கள் தெருவே சிரித்தது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டுக்கு, சிரித்தே தொலைத்திருக்கலாம்.

மற்ற பாடங்களை இருபது வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். கணக்கு மட்டும் முப்பத்தொன்றில் நின்றுபோனது. தேற முப்பத்தைந்து வேண்டும். அதன்பிறகு பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவதே என் பிழைப்பு. பார்டரில் வரும் மயிலையும் மாங்காயையும் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித் தருவேன். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். இப்போது கணினியில் வரைகிறேன், கட்டம் மட்டும் மாறவில்லை. போன வருடம் ஆரணியில் நெசவுப் பயிற்சி தரும் இடத்தில் டிசைன் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். என் வேலையைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள், பத்தாவது தேறவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். கணக்கை முடித்துவிட்டு வந்தால் அந்த வேலை எனக்குத்தான் என்றார்கள்.

அதனால் பக்கத்துத் தெருவில் டியூஷனுக்குப் போனேன். சொல்லித்தந்தவளுக்கு இருபத்துநான்கு வயது. நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆயத்தொலை வடிவியலில் ஒரு நாள் தேர்வு வைத்தாள். இரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. எந்தக் கோட்டின் சாய்வு அதிகம் என்பது கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது. நாளெல்லாம் கட்டத்தோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? அரை நிமிடத்தில் முதல் கோடு என்று எழுதிவிட்டு, திணறிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பெருமையாகப் பார்த்தேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்த விடைக்குப் பூஜ்யம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

"இன்னா மிஸ் இது? நல்லா எண்ணிப் பாருங்க. மொத கோடு நாலு கட்டம் போயி ஆறு கட்டம் ஏறுது. ரெண்டாவது ஆறு கட்டம் போயி மூணுதான் ஏறுது. கண்ண மூடிகினு சொல்லலாம், இதுக்குப் போயி முட்டை போட்டுக்கிறீங்க!"

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இருங்கக்கா. ஒரு கட்டம்னா எவ்ளோன்னு எடுத்துக்கினீங்க?"

"ஒண்ணு. கட்டம்னா ஒரு இழை. இதுல இன்னா கேள்வி?"

"யாருக்கா அப்டி சொன்னது?"

"தறி சொல்லுது, மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் இரண்டாவது படத்தின் நிற்கும் கோட்டோரம் விரலை வைத்தாள். ஐந்து, பத்து, பதினைந்து என்று எழுதியிருந்தது. ஏறும் பக்கம் மட்டும் ஒரு கட்டம் ஐந்து. மூன்று கட்டம் ஏறிய கோடு உண்மையில் பதினைந்து ஏறியிருந்தது. அதன் சாய்வு இரண்டரை, நான் தேர்ந்தெடுத்ததன் சாய்வு ஒன்றரை. எங்கள் தொழிலில் ஓரத்து எண்கள் எண்ணிக்கை மறந்துபோகாமல் இருப்பதற்கு மட்டும்தான். அவற்றைப் படித்துத்தான் கட்டத்தின் மதிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"சரிக்கா, நீங்க தாள்ல போட்ட மயில் புடவைல அப்டியே வந்துடுமா?"

"அது எப்டி வரும்? குறுக்கு இழை நெருக்கமா விழுந்தா மயிலு குள்ளமாப் பூடும். அதுக்குத் தக்கன நான் உசரமாப் போட்டுடுவேன்."

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. தாளில் தெரியும் உயரம் வேறு, நிஜமான உயரம் வேறு என்று தெரிந்துதான் இத்தனை வருடமும் கை வேலை செய்திருக்கிறது. அதற்கு அளவுத்திட்டம் என்று ஒரு பெயர் இருப்பது தெரியாததுதான் குறை. அன்று மாலை பழைய டிசைன்களைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு எழுதினேன். முடிவு வந்த அன்று கணவர் போனைப் பார்த்து, "அறுபத்திரெண்டு" என்றார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனேன்.

சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். பத்தாவது படித்தபோது பள்ளியில் ஒரு திருப்புதல் தேர்வு. ஒரு மணிக்குப் பத்து கிலோமீட்டர் போகும் சைக்கிளுக்கு நான்கு மணி நேரம் வரை வரைபடம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தேன். நாற்பது கட்டம் ஏற வேண்டும், தாளில் அத்தனை கட்டம் இல்லை. பார்டர் நீளமாக வந்தால் வீட்டில் டிசைன் போடும் அப்பா செய்வது போல, இன்னொரு தாளை வாங்கி ஒட்டிக் கோட்டை முடித்தேன். சார் அந்த நீளத் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இதுக்கெல்லாம் கணக்கு எதுக்கு, தறில போயி உக்காரச் சொல்லு" என்றார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதையே நானும் ஒரு வேடிக்கையாகத்தான் அவளிடம் சொன்னேன்.

மிஸ் சிரிக்கவில்லை. மைசூர்பாகைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"நாலு போயி நாப்பது ஏறுது. சாய்வு பத்து. கோடு சரியாதானேக்கா வந்திருக்குது? அதுல தப்பே இல்ல. தாள்தான் பத்தல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து, பொதுத் தேர்வில் வரைபடக் கேள்வியை நான் தொடவே இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பத்து மதிப்பெண். தேற எனக்குப் போதாமல் போனது நான்கு.