நான் எழுதிய சைபர்

ஏலப்பாறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற பெண் தொழிலாளர்களின் மூட்டுவலி பற்றி நர்சிங் படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அன்று கடைசியாக எஸ்தரம்மா வீடு. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர்.

"முழங்கால் வலிக்கு சைபர்லருந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் போடுவீங்கம்மா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. சைபரே போட்டுக்க."

போட்டேன். ஐந்தரை மணி ஜீப்பைப் பிடிக்கும் அவசரம் எனக்கு.

வழியனுப்ப அவரும் வந்தார். வாசலில் நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து இறங்கினார். நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"வேலைக்குப் போனப்ப, வலிக்குதுன்னா அன்னிக்குப் பேரு போடாம, கூலியில்லாம வீட்டுக்கு அனுப்பிருவாக. ஒண்ணுமில்லன்னு சொல்லியே பழகிப்போச்சு."

படிவம் என் பையில்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்து கேட்டிருக்கலாம். ஜீப் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன். ஆய்வுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த சைபர் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது.

இதில் பெரிய வெட்கம், என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். உடம்பு எப்படி என்று போனில் எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார். நானும் சரியென்று வைத்துவிடுவேன்.