காலியான நாற்காலிக்கு ஒரு மெசேஜ்

செங் என்ற ஊரில் உள்ள ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நோயாளிகளின் விவரம் பதிவது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன், தீபாவளி கழிந்த திங்கட்கிழமை, அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் கவிதாதான் இதை முதலில் எனக்குச் சொன்னாள்: "ஆன்ட்டி, பதிவுல ஒரு கட்டத்த நீங்க மாத்துனா போதும். கிளவுட்ல ஒரு குட்டி புரோகிராம் தூங்கிட்டிருக்கும். அது முழிச்சு நோயாளிக்கு மெசேஜ் அனுப்பிட்டு மறுபடி தூங்கிரும். நீங்க போன் அடிக்க வேணாம் லா."

என்னைப் போல கவுண்டரில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பவர்களே, அது அவ்வளவு சுலபமா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும்.

ஏழு தடவை

சிம்பாங் அம்பாட்டிலிருந்து வரும் முனியாண்டி அண்ணனுக்கு ஜன்னலோர நாற்காலி. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸுக்கு வருவார். ஒருநாள் அவர் விலாசத்தில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொரு தடவையும் சேமித்தேன். எதைத் தொட்டாலும் அந்தப் புரோகிராம் முழித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. "வியாழன் காலை ஏழு மணிக்கு வரவும்" என்று அவருக்கு ஏழு மெசேஜ் போயிருக்கிறது. வியாழக்கிழமை கவுண்டரில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஏழு தடவ கூப்புடுறியே, எனக்கு இருக்கிறது ஒரு ஒடம்புதானே லா!"

மாற்றாமல் விட்ட கட்டம்

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மனைவி போன் செய்தார். 'இறந்தார்' என்று கட்டத்தை மாற்றினால், காத்திருப்போர் வரிசையில் முதலில் இருப்பவருக்கு அந்த நிமிஷமே அவர் நாற்காலி போய்விடும். உடல் இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதற்குள்ளேயா? எனக்குக் கை வரவில்லை. எடுத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெளியூரிலிருந்து மகன் வந்து சேர்ந்து, புதன் மாலைதான் எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அவரு நாற்காலி யாருக்குக்கா கெடச்சுச்சு? அவங்களாச்சும் நல்லா இருக்கட்டும்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த போன்

வியாழன் காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, வேலைக்கு வந்ததும் கட்டத்தை மாற்றினேன். 'இடம் கிடைத்தது' என்ற மெசேஜ் பாயா ரும்புட்டில் சரசு என்ற பெண்ணுக்குப் போனது. வரிசையில் முதலில் இருந்தவர் அவள் அப்பா. ஐந்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். முந்தின நாள் மத்தியானம் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அப்பா போய்விட்டாராம்.

மறைக்க மனசு வரவில்லை. இரண்டு நாள் ஏன் தாமதம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் பின்னால் யாரோ தேவாரம் பாடுவது கேட்டது. பிறகு சொன்னாள்:

"எங்கப்பா இன்னும் வீட்லதான் இருக்காரு ஆன்ட்டி. நீங்க அவரு பேர இப்பவே எடுத்துருங்க. அடுத்து யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல."

அவள் போனை வைப்பதற்குள் எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் ஒன்றும் பெரிதாக மாறியிருக்காது என்று எங்கள் டாக்டர் ஆறுதல் சொன்னார். சாமி முன்னால் நான் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

தூங்கிக்கொண்டிருந்த புரோகிராம் தொட்டதும் எழுந்துகொண்டது, முழித்துக்கொண்டிருந்த நான்தான் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. உங்கள் மேஜையிலும் அப்படி ஒரு கட்டம் இருந்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு உடனே மாற்றிவிடுங்கள்.