மட்கார்டு மாட்டிய சைக்கிள்

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவன் கேட்டான்: "ஊரே கார் வாங்குது, நீங்க மட்டும் ஏன்ப்பா இன்னும் சைக்கிள உருட்டிக்கிட்டு, ரயிலு ரயிலுங்கீங்க?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் எனக்குக் கோவையாக வராது. அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவனே, ஒரு மழை நாளில் நடந்தது இது. அப்போது நீ விடுதியில் இருந்தாய். உன் அக்கா மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸோ காரோ, ஏறிக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குமட்டும். ரயில் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். திங்கட்கிழமை காலையில் கேரியரில் வைத்துக் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நான் மிதிப்பேன்.

நம் பக்கத்தில் மட்கார்டைக் கழற்றிவிட்டுத்தான் சைக்கிள் ஓட்டுவோம். ஆனால் அவள் உடுப்பு வெள்ளை. சேறு தெறிக்கக் கூடாதே என்று, பரணில் கிடந்த இரண்டையும் எடுத்துத் துடைத்து மாட்டியிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வு வைக்க வருகிறவர் வெளியூர்க்காரர், அன்று ஒருநாள்தான் வருவார். புரட்டாசி முழுக்க ஏமாற்றிய மழை அதற்கு முந்தின ராத்திரிதான் கொட்டித் தீர்த்தது. விடியும்போது ஊரில் எல்லார் முகத்திலும் சிரிப்பு.

பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பிள்ள சேத்துல போவ வேண்டாம் அண்ணாச்சி, நான் கொண்டு விட்டுருதேன்." அக்கா கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே ஏறினாள். ஓடைத் தரைப்பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. பாலத்துக்கு மேலே தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது.

"இதுல இறக்குனா காரு நீந்திரும் அண்ணாச்சி. எனக்குத்தான் நீச்சல் தெரியாது" என்றார் தம்பி. சிரிக்க முடியவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டு வாசலில் விட்டார்.

சைக்கிளை எடுத்தேன். கரிசல்காட்டுப் பாதையில் சுற்றிப் போனால் ஓடை குறுக்கிடாது, பைபாஸ் ரோட்டில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். வெடித்துக் கிடந்த மண், ஒரு மழைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், மேலே வெறும் ஈரம்தான் இருக்கும் என்று நினைத்தேன். கரிசலிலேயே பிறந்து வளர்ந்தவன் நினைத்த நினைப்பு இது.

பாதிக் காட்டில் சக்கரம் நின்றுவிட்டது. மண் டயரில் அப்பி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இறுகிப்போயிருந்தது. குச்சியால் நோண்டினேன். நாலடி உருண்டது. மறுபடியும் இறுகியது. பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கினேன். செருப்பில் ஒட்டிய மண் காலைத் தூக்கவிடவில்லை. அக்கா செருப்பைக் கையில் பிடித்து, உடுப்பைச் சுருட்டிக்கொண்டு பின்னாலே வந்தாள்.

எதிரே ஆடு பத்திக்கொண்டு வந்தவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, சைக்கிள ஓட்டுதீங்களா, சொமக்குதீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்: "நல்ல மழ! இனிமே உளுந்தப் போட்டுரலாம்லா!"

"ஆமாம்" என்றேன்.

அவர் தாண்டிப் போனதும் அக்கா கேட்டாள்: "இந்த மழ இன்னைக்குத்தானாப்பா பெய்யணும்?"

"அப்படிச் சொல்லாத மக்களே." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. மழையை யாரும் இங்கே குறை சொல்ல மாட்டோம். அது சரிதான். ஆனால் அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தைகூட எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

அந்த நேரம் காட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் போனது. பல நாள் தாமதமாக வருகிற வண்டி, அன்றைக்குச் சரியான நேரத்துக்குப் போனது. இரண்டு பேரும் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சத்தம் இல்லாமல் அழுதாள். தோளில் இருந்த சைக்கிளை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பைபாஸில் ஒரு மதுரை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டேன். எலுமிச்சம்பழம் அப்போதும் அவள் கையில் இருந்தது. மத்தியானம் போன் வந்தது. "பரீட்ச வைக்க வந்தவிய முடிச்சிட்டுக் கெளம்பிட்டாவப்பா. இனி அடுத்த தடவதானாம்." கூடப் படித்தவர்கள் முன்னே போனார்கள். இவள் ஒருத்தி பின்தங்கினாள். அதற்காக என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

கார் வாங்குவதற்கு நான் தடை சொல்லவில்லை, சின்னவனே. கார், சைக்கிள், ரயில், மழை, எதன்மேலும் அன்றைக்குக் குற்றம் இல்லை. எதில் போனால் போய்ச் சேரலாம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

பெரியவளே, இது உனக்கும் தெரியாது. உன் போன் வந்தபிறகு, அம்மா காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மண்ணையெல்லாம் சுரண்டினேன். மட்கார்டு இரண்டையும் கழற்றிப் பரணில் போட்டேன். பிறகு பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அது எங்கும் இடிக்காமல், நிற்காமல், வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.