குழாயைப் பிடித்த மனிதர்

இணைப்புகளைத் தட்டிப் பார்க்காமல் இன்னாசித்தம்பி காலைத் தேநீரைத் தொடுவதில்லை. குழாய்களின் ஓரமாக நடந்து, மூட்டுக்கு மூட்டு விரல் மடக்கித் தட்டி, தலையைச் சரித்துக் காது கொடுப்பார். என்ன கேட்கிறது என்று விசாரித்தால், "ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் நல்லது" என்பார்.

ஜேர்மனியின் பீலெஃபெல்டு நகருக்கு வெளியே மூடிக் கிடந்த பால் தொழிற்சாலையை பிறிங்மன் என்பவர் வாங்கி, சால்மன் குஞ்சு பொரிக்கும் நிலையமாக மாற்றிக்கொண்டிருந்தார். வட்டத் தொட்டிகள், குளிர்விக்கும் இயந்திரம், ஒரே தண்ணீரை வடித்து வடித்துத் திரும்ப விடும் வடிகட்டிகள். குஞ்சுகள் இங்கே நன்னீரில் வளர்ந்து, பிறகு லொறியேறிக் கடலுக்குப் போகும். மன்னார்ப் பேசாலைக் கடலில் வலை இழுத்து, இப்போது இங்கே குழாய் பூட்டும் வேலை செய்த இன்னாசித்தம்பிக்கு இது அவ்வளவாகப் பிடிபடவில்லை. "மீனுக்கு வீடு கட்டி, குளிர்ப்பெட்டியும் பூட்டிக் குடுக்கிறம். ஊரிலை சொன்னால் நம்பமாட்டினம்." சொல்லிவிட்டு அடுத்த குழாய்க்குப் பசை பூசுவார்.

எண்பத்தேழு பங்குனியில் நோர்வேயிலிருந்து முட்டைகள் வந்தன. செம்மஞ்சள் மணிகளாகத் தட்டுகளில் கிடந்தன. ஓடும் தண்ணீர் நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று பிறிங்மன் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வாரமே இன்னாசித்தம்பிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நாள் நேரம் குறித்த சந்திப்பு. தங்கும் அனுமதியை நீட்ட வேண்டும். டெர்மினைத் தவறவிட்டவனுக்கு ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம்தான் என்பது அகதி விடுதியில் எல்லோரும் நம்பிய சங்கதி. அறைத்தோழன் லோறன்ஸின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டவர், போகிற வழியில் குழாய்களை ஒருதரம் தட்டிவிட்டுப் போகலாமென்று நுழைந்தார்.

மேல்தொட்டியிலிருந்து முட்டைத் தட்டுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் அவர் கண்முன்னே மூட்டுக் கழன்றது. பிறிங்மன் சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். தொலைபேசி மறு கோடியில் இருந்தது. இன்னாசித்தம்பி கோட்டைக் கழற்றி மூட்டில் சுற்றி, குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்து போகும் சத்தம் கேட்டது. பிடியை விடவில்லை. மத்தியானம் பிறிங்மன் திரும்பி வந்தபோது அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் இன்னாசித்தம்பியோடு பிறிங்மனும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வந்தார். ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தியாகராசா தமிழில் சொன்னார்.

"கையை விட ஏலாமல் போச்சு எண்டு சொல்லுங்கோ."

"இதை என்னெண்டு சொல்லுறது?"

"அப்பிடியே சொல்லுங்கோ, ஐயா."

தியாகராசா சொன்னார். அதிகாரி பிறிங்மனைப் பார்த்தார். பிறிங்மன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஈரக் கோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி அதைப் பேனா முனையால் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அனுமதியை ஆறு மாதம் நீட்டிக் கொடுத்தார். கோட்டைத் திரும்ப வாங்கிய லோறன்ஸ் மட்டும் சில நாள் பேசவில்லை.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய கிழமை அவனைச் சமாதானப்படுத்த இன்னாசித்தம்பி கூட்டிவந்து காட்டினார். நகக்கண் அளவுக் குஞ்சுகள், தொட்டி நிறைய.

"இதுகள் எல்லாம் தப்பினதோ அண்ணை?"

"கனக்கத் தப்பினது."

தண்ணீருக்குள் கை வைக்கக்கூடாதென்று சுவரில் எழுதியிருந்தது. இன்னாசித்தம்பி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, விரல்களை அகல விரித்து, குஞ்சுகள் இடையால் போய்வரட்டுமென்று அசையாமல் வைத்திருந்தார்.