இஞ்சின் நின்ற பிறகு சொல்கிற சேதி

மாங்காட்டில் சலூன் நாற்காலியில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தபோது கஸ்தூரியின் ஃபோன் வந்தது. கஸ்தூரி, என் நண்பன் மனோகரனின் மனைவி. எப்போது கூப்பிட்டாலும் முதலில் என் சர்க்கரை அளவைத்தான் விசாரிப்பாள். அன்று எடுத்ததுமே, "அண்ணா, அவரு போய்ட்டாரு" என்றாள். காலையில் காபி குடித்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. அதே மூச்சில் தொடர்ந்தாள். "ரேவதி வண்டில போய்க்கினு கீது அண்ணா. அதுக்கு இப்பத் தெரியக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்."

ஒரு கன்னத்தில் நுரையோடு கரையான்சாவடிக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். சாவு வீட்டுக்கு அந்தக் கோலத்தில் வந்து நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரேவதி அவர்களுடைய ஒரே மகள். பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறாள். அன்று விடியற்காலையில் முழு லோடோடு வேலூரைத் தாண்டி ஒரு பங்க்குக்குத் தனியாகப் புறப்பட்டிருந்தாள். போய்ச் சேர்ந்து, பெட்ரோலை இறக்கி முடிக்கப் பதினொரு மணி ஆகும். வண்டி ஓடும்போது ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவாள், நிறுத்தினால்தான் எடுப்பாள். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில், அப்பாவின் படத்துக்கு யாராவது மாலை போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டால்? அதே வண்டியை, அதே லோடோடு, அவளே மறுபடி ஓட்டியாக வேண்டும்.

மனோவை அறிந்த உங்களில் பலர் அன்று காலை வாசலில் என்னிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். "பதினொரு மணி வரைக்கும் எவனும் படம் போடக் கூடாது, குரூப்ல ஒரு வார்த்தை வரக் கூடாது, மீறினா ஃபோனைப் புடுங்கி ஒடச்சிருவேன்" என்று கத்தினேன். போஸ்டர் அடிக்கக் கிளம்பிய பையனின் பைக் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துக்க வீட்டில் இந்தக் கிழவனுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று முகம் சுளித்தவர்களுக்கு அப்போது பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

நானும் மனோவும் வளைகுடாவில் ஒரே எண்ணெய் வயலில் ஒன்பது வருடம் டிரக் ஓட்டினோம். கிணற்றில் வாளி விட்டு எண்ணெய் இறைக்கிறோம் என்றுதான் என் மனைவி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெயை நாங்கள் கண்ணால் பார்த்ததுகூட அபூர்வம். தரையைத் துளைக்கும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை ரிக் என்பார்கள். ஒரு இடத்தில் வேலை முடிந்தால் அதைக் கழற்றி, துண்டு துண்டாக டிரெய்லரில் ஏற்றி, பாலைவனத்தின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோவது மனோவின் வேலை. அங்கே இருப்பவர்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் கொண்டுபோவது என் வேலை.

மனோவை அவர் என்று எழுதினால் அவனே சிரிப்பான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனுடைய அப்பா தெற்கே இருந்து ஆவடி ஃபாக்டரி வேலைக்கு வந்தவர், மரியாதையாக ஊர்த்தமிழ் பேசுவார். மகன் குவார்ட்டர்ஸில் வளர்ந்து அசல் மெட்ராஸ்காரன் ஆகிவிட்டான். மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் புதைந்துவிடும். ஒவ்வொரு முறையும் எனக்கு அவன் அதை வேறுவிதமாகச் சொல்வான். "டயர்ல காத்தையும் மண்டைல கோவத்தையும் எறக்கிட்டு ஏறு மாமே." என் மண்டையில் எப்போதும் காற்று கூடுதல்தான்.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது, டிரைவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டது. ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால், வண்டியில் இருப்பவனுக்கு ரேடியோவில் சொல்லக் கூடாது. அவன் போய்ச் சேரும் இடத்துக்கு நெருங்கினவன் ஒருவன் முன்கூட்டியே போய்க் காத்திருப்பான். இஞ்சின் நின்றதும் முதலில் கை நீட்டிச் சாவியை வாங்குவான். சாவி கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பான்.

என் அம்மா இறந்த அன்று நான் தண்ணீர் லோடோடு ரிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று மணி நேர மண் பாதை. வழியில் மனோ ரேடியோவில் வந்தான். முந்தின வாரம் முகாமில் நான் வைத்த சாம்பாரைப் பற்றிப் பேச்சை எடுத்தான். "அத்த டேங்கர்ல ஊத்திக் குடு மாமே, ரிக்குக்கு கிரீஸ் மிச்சம்" என்றான். அப்படிச் சிரித்தேன் அன்றைக்கு. போய்ச் சேர்ந்து இறங்கினால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு வேலையில் இருக்க வேண்டிய மனோ எதிரே நிற்கிறான். "சாவி குடு" என்றான்.

அவன் சொல்லி முடித்ததும் என் முதல் கோபம் எமன் மேல் வரவில்லை, அவன் மேல்தான் வந்தது. பெற்றவள் செத்துக் கிடக்கும்போது என்னைச் சிரிக்கவைத்துவிட்டானே! அதை என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பியபின் நான்கு மாதம் அவனோடு பேசவில்லை. ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில். உப்பு வேண்டும் என்றால்கூட மூன்றாவது கட்டில்காரனிடம் சொல்லி அவனிடம் கேட்கவைப்பேன்.

கடைசியில் அவனே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். தான் முன்பு வேலை பார்த்த இடத்தில், மனைவி இறந்த சேதியை ஒரு டிரைவருக்கு ஓடும் வண்டியில் சொல்லிவிட்டார்களாம். "அந்தாள கேபின்லேர்ந்து இழுத்தது நான்தான் மாமே. அழுதா கண்ணு தெரியாது, கண்ணு தெரியலன்னா ரோடு தெரியாது. நீ என்கூடப் பேசாம இருக்கிறதுக்காவது உசுரோட கீறியே, அது போதும் எனக்கு." பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் நான் மன்னிக்கவில்லை. ஊர் திரும்பி, அவன் மகள் லைசென்ஸ் எடுத்து டேங்கர் ஏறி, எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அது எனக்குள் ஒரு ஓரத்தில் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

இனி அன்றைய காலைக்கு வருகிறேன். பங்க் மேனேஜரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவளை அழைத்துவரவும் டேங்கரை ஓட்டிவரவும் பாஸ்கர், குமார் என்று இரண்டு டிரைவர்களைக் காரில் அனுப்பினேன். ஒன்பது மணி இருக்கும், நடுவீட்டில் மனோவின் தலைமாட்டில் இருந்த அவன் ஃபோன் அடித்தது. திரையில் ரேவதி. கஸ்தூரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே ஓடினேன்.

"இன்னா மாமா, நீங்க எடுக்கிறீங்க? அப்பா எங்க?"

"குளிக்கிறான்மா." பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சற்று நேரத்தில் குளிப்பாட்டத்தான் போகிறார்கள்.

"டீக்கு நிறுத்தினேன். இங்க ஒரு ஆளு வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'டிரைவர் எங்கம்மா போயிருக்காரு?'ன்னு என்னையே கேக்குறாரு. டீ குடிக்கப் போயிருக்காரு, வந்துருவாருன்னு சொல்லி என் டீய குடிச்சிகினு கீறேன்."

நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என் குரல் உடைந்துவிடும், உடைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, வாய்விட்டுச் சிரித்தேன். மனோ அந்த ரேடியோவைப் பிடித்துக்கொண்டு எப்படி நின்றிருப்பான் என்பது இத்தனை வருடம் கழித்து அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. உள்ளே போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேன் என்றே எழுதிவிடுகிறேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் மறுபடி கூப்பிட்டாள். "எறக்கியாச்சு மாமா."

"இஞ்சின் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"சாவி யார் கையில?"

அவள் குரல் வந்தது, நான் பயந்ததைவிடத் தெளிவாக. "பாஸ்கர் அண்ணன் வந்து நிக்கிறாரு மாமா. அவர் கைலதான் குடுத்தேன்."

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "காலைல நீங்க ரொம்ப சிரிச்சீங்க மாமா. நீங்க அப்படிச் சிரிக்கிற ஆளே இல்ல. அப்பா சொன்ன சாவி கதைதான் ஞாபகம் வந்துச்சு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. கேட்டா ஓட்ட முடியாதுன்னுதான் கேக்கல." அதன் பிறகுதான் அழுதாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல், பெட்ரோலைச் சுமந்துகொண்டு, ஆற்காட்டையும் வேலூரையும் தாண்டி, தெரிந்தும் தெரியாதவளாக அந்தப் பெண் ஓட்டியிருக்கிறாள். பின்னால் வந்தவனுக்கும் எதிரே வந்தவனுக்கும் ஒரு கீறல் இல்லை. மனோ என்ன மாதிரி டிரைவர் என்று இனி யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பதினாறாம் நாள் முடிந்த மறு வாரமே ரேவதி வண்டி ஏறினாள். கஸ்தூரியே டிபன் கட்டிக் கொடுத்து, டேங்கருக்குச் சூடம் காட்டி அனுப்பினாள். மனோ வாங்கித் தந்த பழைய சட்டை ஒன்றும் அவனுடைய டயர் பிரஷர் கேஜும் என்னிடம் இருக்கின்றன. அவையெல்லாம் இருக்கட்டும். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். ரேவதி போய்ச் சேர்ந்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு முன்பெல்லாம் அப்பாவைக் கூப்பிடுவாள், இப்போது என்னைக் கூப்பிடுகிறாள். "சேந்துட்டேன் மாமா" என்கிறாள். நேற்றும் கூப்பிட்டாள்.