கடைசிப் பத்தியோடு போன நிழல்

1. எட்டு மணி அழைப்பு

"மேடம், பயற ஊறப் போட்டாச்சு. அடுத்து என்ன செய்யணும்?"

காலை எட்டு மணிக்கு இப்படி ஒரு குரல் கேட்டால் எந்த விதை ஆராய்ச்சியாளருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. சரியாக அரை நிமிடம்.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தின் விதையியல் துறையில் இணைப் பேராசிரியை. சங்கரன்கோவிலில் ஓர் உரக்கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, எங்கள் துறையின் கள அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. மானாவாரிக் கரிசலில் பாசிப்பயறு விதைக்கிறவர்களுக்காக ஐந்து வருடமாக ஒரே வேலை. விஷயம் எளிமையானது. விதையை மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நிழலில் பழையபடி காயவைத்து விதைத்தால், மழை கொஞ்சம் பிந்தினாலும் பயிர் தாக்குப்பிடிக்கும். ஊறவைப்பது பாதி வேலை. காயவைப்பதுதான் மீதிப் பாதி. காயவைக்காமல் ஈர விதையை வறண்ட மண்ணில் போட்டால் முளை கிளம்பிய வேகத்தில் செத்துப்போகும். சாக்கிலேயே விட்டுவைத்தால் சுண்டலுக்குத்தான் ஆகும்.

அன்று காலைப் பத்திரிகையில் எங்கள் ஆராய்ச்சி வந்திருந்தது. ஐந்து பிரதி வாங்கி வந்திருந்தேன். தலைப்பைப் படித்தேன், என் பெயரைப் படித்தேன், மடித்து மேசைமேல் வைத்தேன். மீதி நான் எழுதிக் கொடுத்ததுதானே, அதைப் படிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பு.

பேசியவர் வேலம்மாள். குருவிகுளம் பக்கத்துக் கிராமத்தில் நான்கு ஏக்கர் வைத்திருப்பவர். புரட்டாசிப் பட்டத்துக்கு வைத்திருந்த விதை முழுவதையும் ஊறப்போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் பேராசிரியை அல்லவா, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. முதல்ல இந்த முறையோட நோக்கம் என்னன்னு சொல்லிடறேன். மானாவாரி நிலத்துல மண் ஈரம் குறையறப்ப விதையோட உள்ளமைப்புல..."

"அது சரிதான் மேடம். பதினோரு மணிக்கு விதைக்க டிராக்டர் வருது. இது டீக்கடைக்காரரு போனு, அவரு கேக்காரு. வச்சிருதேன்."

வைத்தும்விட்டார். நான் நோக்கத்தையே தாண்டவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஏன் கேட்டார்? அதுதான் செய்தியில் இருக்கிறதே? பத்திரிகையை விரித்து முழுதாகப் படித்தேன்.

இயக்குநர் தொடங்கி ஏழு பேரின் பெயர்கள், பட்டங்களோடு இருந்தன. ஆராய்ச்சியின் பின்னணி இருந்தது. என் பெயரும் அதன் பக்கத்திலேயே என் கைபேசி எண்ணும் பத்திரமாக இருந்தன. 'விதைகளை மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று அவர் தெரிவித்தார்' என்பதோடு செய்தி முடிந்தது. நிழல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம். அதில் ஒரு பெரியவர் மாலை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தார்.

2. அண்ணாச்சி சொன்னார், நான் கேட்கவில்லை

இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கோமதிநாயகம் அண்ணாச்சிதான் அந்தப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். ஒரு கையால் ஜாதகத்தை ஜெராக்ஸ் போட்டபடியே மறுகையில் என் இரண்டு பக்கச் செய்திக்குறிப்பை வாங்கிப் படித்தார்.

"மேடம், நிழல்ல காயவைக்கணும்னு ஒண்ணு இருக்கே, அது எங்கன கெடக்குன்னு பாருங்க. ரெண்டாம் பக்கத்துல அடியில. அதத் தூக்கி மேல போட்டுருவோம்."

"அது முடிவுரை அண்ணாச்சி. முடிவுரை கடைசியிலதான் வரும்."

"டெஸ்க்ல இடம் பத்தலைன்னா அடியில இருந்துதான் வெட்டுவாங்க மேடம். அவங்களுக்கு முடிவுரையும் தெரியாது, முன்னுரையும் தெரியாது. கடைசி விளம்பரம் எத்தன மணிக்கு வருதோ அதப் பொறுத்தது." பிறகு முதல் பத்தியை விரலால் எண்ணினார். "ஏழு பேரு இருக்காங்க. இவங்கல்லாம் பயறு விதைக்கப் போறாங்களா?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்த ஏழு பெயரும் எங்கள் துறைத் தலைவர் சொன்ன வரிசை. ஒன்று இடம் மாறினாலும் எனக்கு மெமோ வரும்.

"ஆராய்ச்சிக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு அண்ணாச்சி. ஒரு கமா கூட மாத்தாம அனுப்புங்க."

"சரி மேடம்," என்றார். அப்படியே அனுப்பினார். மனிதர் சொன்ன சொல் தவறாதவர் என்பதுதான் எனக்கு வந்த வினை.

3. எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை

டீக்கடை எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போனது, எடுக்க ஆளில்லை. வடை போடுகிற நேரம். இதற்கிடையே வேறு மூன்று ஊர்களிலிருந்து அழைப்பு. எல்லோரும் ஊறப்போட்டிருந்தார்கள். ஐந்து வருடமாக நான் கூட்டம் போட்டு, சுண்டலும் டீயும் கொடுத்துச் சொன்னபோது ஒருவரும் ஊறவைக்கவில்லை. பத்திரிகையில் வந்ததும் விடிந்தும் விடியாததுமாக ஊறவைத்துவிட்டார்கள்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த மூவருக்காவது நிழல் விஷயத்தைச் சொன்னேன். அதிலும் ஒருவரிடம் நோக்கத்திலிருந்துதான் தொடங்கினேன், பழக்கதோஷம். ஆனால் போன் செய்யாமல் ஊறவைத்தவர்கள் எத்தனை பேர்?

துறைத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"மறுப்பு கொடுக்கணும்னா டைரக்டர் அப்ரூவல் வேணும் மேடம். இன்னைக்கு அவர் மீட்டிங்ல இருக்கார். பைல் போடுங்க, நாளைக்குப் பார்க்கலாம்."

"பதினோரு மணிக்கு விதைக்கப் போறாங்க சார்."

"அது அவங்க அவசரம். நமக்கு புரொசீஜர் இருக்கு இல்லையா?"

விவசாயிகளின் வாட்ஸாப் குழு ஒன்றில் நானும் இருந்தேன். அதில் குரல் பதிவு போட்டேன். பேசி முடித்துப் பார்த்தால் ஆறு நிமிடம். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். கேட்டவர் ஒருவருமில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கால் ஓடியது, ஜெராக்ஸ் கடைக்கு.

4. சேர் வாங்கினால் சேர் இலவசம்

நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்று அண்ணாச்சி குத்திக்காட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் ஒரு டீ மட்டும் சொன்னார். அது ஆறுவதற்குள் ஷாகுலைக் கூப்பிட்டுவிட்டார்.

ஷாகுல் கடையநல்லூர்க்காரர். ஒலிபெருக்கி கட்டிய விளம்பர ஆட்டோ அவருடையது. அன்று ஒரு பிளாஸ்டிக் சேர் கடைக்கு ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ரெக்கார்டை நிப்பாட்டச் சொல்லாதீங்க மேடம். சாயந்தரம் வரைக்கும் போடுதேன்னு கடைக்காரர்ட்ட வாக்கு குடுத்திருக்கேன். ஒருவாட்டி ஓடி முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்கதுக்குள்ள கொஞ்சம் கேப் வரும். அதுல நீங்க பேசிக்கோங்க."

அண்ணாச்சி கேமராவோடு ஏறினார். நான் பக்கத்தில், மடியில் மைக். முதல் இடைவெளி வந்தது.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, பல்கலைக்கழக விதையியல் துறையின் சார்பில்..."

"ஒரு சேர் வாங்கினால் ஒரு சேர் இலவசம்!" என்று என் தலைக்கு மேலே கூம்பு அலறியது.

இரண்டாம் இடைவெளியில் பெருமக்களை விட்டுவிட்டேன். துறையை விட மனம் வரவில்லை. மறுபடியும் சேர் வந்துவிட்டது. ஒரு ஊர் முழுக்க எங்கள் துறையின் பெயரையும் சேரையும் மட்டும் கேட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டது. ஷாகுல் கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேடம்," என்றார் அண்ணாச்சி, "ஆட்டோ ஒரு வாசலத் தாண்டுத நேரம்தான் ஒங்களுக்கு. அந்த வீட்டுல ஒரு பொம்பள கையில ஈரப் பயற வச்சுக்கிட்டு நிக்கா. அவளுக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு வேலம்மாளின் குரல் ஞாபகம் வந்தது. அடுத்து என்ன செய்யணும்? அவர் கேட்டது அவ்வளவுதான்.

"ஊறின பயற நிழல்ல காயவைங்க! காயாம விதைக்காதீங்க!"

அதற்குப் பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. இரண்டாம் முறையும் சொன்னேன். ஐந்து வருட ஆராய்ச்சி ஆறு சொல்லில் முடிந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வாசல்களில் ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

5. நிழற்குடை

வேலம்மாளின் ஊரை எட்டியபோது பதினோரு மணிக்குச் சில நிமிடம் இருந்தது. ரோட்டோரக் காட்டில் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாள் ஈர விதையை அன்னக்கூடையில் அள்ளி நீட்ட, ஓட்டுநர் கை நீட்டி வாங்கப் போனார். நான் மைக்கில் கத்தினேன். தொண்டை கிழிந்த மாதிரி இருந்தது.

அந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அந்த மேடமா? இத காலையில போன்லயே சொல்லியிருக்கலாம்லா? நோக்கம் நோக்கம்னுல்லா சொன்னீக!"

"தப்புதாம்மா," என்றேன்.

"சரி விடுங்க. நெழலுக்கு எங்கன போக?"

நியாயமான கேள்வி. கரிசல் காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லை. வேலி ஓரத்து உடைமர நிழல் ஒரு ஆட்டுக்குக்கூடப் பத்தாது. எங்கள் ஆராய்ச்சி மையத்தில் நிழலுக்குக் கொட்டகை உண்டு, மின்விசிறி உண்டு. இவர்களிடம் என்ன இருக்கிறது என்று ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. வேலம்மாள் ஒரு நொடிதான் யோசித்தார். பஸ் நிறுத்தத்துப் பயணியர் நிழற்குடையைப் பார்த்து நடந்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, சாக்கை விரித்து, பயறைப் பரப்பினார். ஆட்டோ சத்தம் கேட்டு வந்த இன்னும் ஐந்தாறு பேர் தங்கள் பயறோடு சேர்ந்துகொண்டார்கள். அரை மணி நேரத்தில் நிழற்குடைக்குள் கால் வைக்க இடமில்லை.

பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னம்மா இது, ஆளுகள வெயில்ல நிறுத்திட்டு பயற உள்ள வச்சிருக்கீங்க?"

"வெயில் பட்டா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, பயறுக்குத்தான் ஆகும். மேடம் சொல்லிட்டாக," என்றார் வேலம்மாள்.

வெயிலில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். அண்ணாச்சி படம் எடுத்துத் தள்ளினார். கிளம்பும்போது வேலம்மாள் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டார்.

"காயவச்சா சேரு உண்டுல்லா?"

"அது வேற விளம்பரம்மா."

"ஒரே வாயிலதான வந்துச்சு," என்றார். நம்பவில்லை.

எல்லோருடைய விதையையும் காப்பாற்றிவிட்டோம் என்று எழுத ஆசைதான். இரண்டு ஊர் தள்ளி ஒருவர் பத்து மணிக்கே ஈர விதையை விதைத்து முடித்திருந்தார். அவருக்கு எங்கள் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த விதையை எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

6. விளக்கக் கடிதம்

மறுநாள் அண்ணாச்சியின் செய்தி படத்தோடு வந்தது. 'பயறு நிழலில், பயணிகள் வெயிலில்' என்று தலைப்பு. முதல் வரியிலேயே ஊறவைத்துக் காயவைத்து விதைக்கும் கதை முழுக்க இருந்தது. ஏழு பெயரில் ஒன்றுகூட இல்லை. என் பெயர் கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை வெட்டியிருந்தால்கூட ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஏழு பெயர் இல்லாததற்கும், அனுமதியில்லாமல் சேர் கடை ஆட்டோவில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதற்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். பிறகு அதை எடுத்துவைத்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: 'முக்கியமானதைக் கடைசியில் வைத்தது என் தவறு, விதை சாகாமலிருக்க அதைத் தெருவில் போய்த் திருத்தினேன்.' துறைத் தலைவர் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷத்துல நீங்க எழுதினதுல நான் முழுசாப் படிச்சது இதுதான் மேடம்," என்றார். பைலை மூடிவிட்டார்.

இப்போது இளம் ஆராய்ச்சியாளர்கள் செய்திக்குறிப்போடு என்னிடம் வந்தால் நான் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்கிறேன். உயிரான வரி அங்கே ஒளிந்திருந்தால், பேனாவால் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, மேலே அனுப்பிவிடுகிறேன். முகம் சுளிக்கிறார்கள். நானும் சுளித்தவள்தான்.

காய்ந்த பயறை விதைத்த பிறகு மழை உடனே வரவில்லை. எட்டு நாள் நான் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்தேன். என் ஆராய்ச்சியைவிட அந்த நான்கு ஏக்கர்தான் மனதை அரித்தது. ஒன்பதாம் நாள் பெய்தது. அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, அலுவலகப் படியேறி வேலம்மாள் வந்தார். மூச்சு வாங்கியது. இருந்த இரண்டு நாற்காலிகளிலும் கோப்புகள் குவிந்திருந்தன. நான் பேனாவும் படிவமுமாக எழுந்து, எத்தனை சதவீதம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நல்லா மொளச்சிட்டு மேடம். மீதிய உக்காந்து சொல்லுதேன். சேரு எங்க?"