கஞ்சி கொட்டவில்லை என்று சொன்னவர்

டாக்டர் கோவிந்தராஜுலு திருப்பதியில் மகன் வீட்டில் காலமானார் என்று செவ்வாய்க்கிழமை காலை பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். போட்டது போட்டபடி கிளம்பினேன். புத்தூரில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் கட்டுப்போடும் வேலை பார்த்த சரோஜா நான்தான்.

வெண்படை வந்தவர்கள் பெருவியாதி என்று பயந்து, முக்காடு போட்டுக்கொண்டுதான் வருவார்கள். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி வெள்ளைத் தோலைப் பஞ்சால் தொடுவார்.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"அப்ப பெருவியாதி இல்ல. நிறம் போயிருக்கு, அவ்ளோதான். எல்லார்கூடவும் ஒக்காந்து துன்னு."

நிறம் திரும்பி வருமா என்று கேட்டால், "வரலாம், வராமலும் போகலாம். கேரண்டி வேணும்னா கடியாரம் வாங்கு" என்பார். சிரித்துக்கொண்டே போவார்கள்.

நானும் அப்படிப் போனவள்தான். ஆந்திரா பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். என் முழங்கைக்குக் கீழே வெண்படை. திருத்தணிப் பக்கம் ஒரு வரன் வந்தது. "எல்லைக் கோடு போட்டுட்டா அந்தாண்ட இருக்கறவங்க இந்தாண்ட பொண்ணு எடுக்க மாட்டாங்க" என்று என் அப்பா, நைனாவுக்கு ஒரே அவசரம். டாக்டர் மருந்து கொடுத்து, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டச் சொன்னார். வெயில் கூடினால் சீக்கிரம் கறுக்கும் என்று, வடாம் காயவைக்கிற மாதிரி, நைனா என்னை உச்சிவெயிலில் மாடியில் உட்காரவைத்தார். கை முழுக்கக் கொப்புளம்.

பிள்ளை வீட்டார் வந்தபோது, "கஞ்சி கொட்டிக்கினா" என்று நைனா சொல்லிவிட்டார். அவர்களும் நம்பினார்கள். அந்த நேரம் பார்த்துக் கட்டுமாற்ற டாக்டர் வந்தார். பிள்ளையின் பெரியம்மா, "கஞ்சி பட்ட புண்ணு தழும்பாவுமா சார்?" என்று கேட்டார்.

"கஞ்சி இல்லம்மா. வெண்படைக்கு நான் குடுத்த மருந்து, வெயில் அதிகமாயிடுச்சி. ஒட்டற வியாதி இல்ல, பயப்படாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தை போதும் என்று நினைத்தார், பாவம். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

பிறகு வேறு வரன் அமையவில்லை. டாக்டர்தான் எனக்கு வேலை கொடுத்தார். "வைத்தியனுக்கு வாய் அடங்கி இருக்கணும். உன் வாழ்க்கைய நான்தான் கெடுத்தேன்" என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பொய்யோடு போயிருந்தால் ஆயுசுக்கும் கையை மூடிக்கொண்டே சோறு போட்டிருப்பேன், நல்லவேளை தப்பித்தேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "எனக்காகச் சொல்றே" என்பார். நம்பாமலே போய்விட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

திருப்பதியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன் கல்யாணம் நின்னதுலேருந்து எந்தக் கல்யாணத்துலயும் அவரு சாப்பிட உக்காரல சரோஜா. தாலி கட்டினதும் எழுந்து வந்துடுவாரு."

எனக்கு இது தெரியாது. அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டு அழுதேன்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கையைப் பார்த்து வெட்கப்படாத ஒரே ஆள் அவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அதற்காகவா இத்தனை பந்தியிலும் பட்டினியாக எழுந்து வந்தீர்கள், டாக்டர்?